பாரா ரெண்டா உடையுது: என்டர் தட்டுறதா, பேஜ் பிரேக்கா, செட்டிங்ஸா?

தீசிஸ் சப்மிட் பண்ற கடைசி வாரத்துலயோ, புத்தகத்த பிரஸ்ஸுக்கு அனுப்புறதுக்கு முந்தின நாளோ தான் இது கண்ணுல படும். பக்கத்தோட அடியில தலைப்பு மட்டும் நிக்குது, மேட்டர் அடுத்த பக்கத்துல இருக்கு. இல்லன்னா ஒரு பாராவோட கடைசி வரி, அதுவும் "எனலாம்."னு ஒத்த வார்த்தை, புதுப் பக்கத்தோட தலையில போய் உக்காந்திருக்கு. ஒரு வெண்பா ரெண்டு வரி இந்தப் பக்கம் ரெண்டு வரி அந்தப் பக்கம்.

இத சரி பண்ண வேர்ட்லயே ஆறேழு வழி இருக்கு, அதனாலதான் குழப்பம். நண்பர் ஒருத்தர் என்டர் தட்டி தள்ளுங்கன்னு சொல்வார், டிடிபி சென்டர்ல கன்ட்ரோல் என்டர்னு சொல்வாங்க, யூடியூப்ல பார்த்தா கீப் லைன்ஸ் டுகெதர்னு எல்லா பாராவுக்கும் டிக் அடிக்கச் சொல்றாங்க. எல்லாமே ஏதோ ஒரு இடத்துல வேலை செய்யும். எந்த இடம்ங்கறதுதான் விஷயம்.

## எத வெச்சு முடிவு பண்றது

நாலு கேள்வி போதும்னு நினைக்கறேன்.

முதல் கேள்வி, இந்த ஃபைல்ல இன்னும் எடிட்டிங் பாக்கி இருக்கா? கைடு ரெண்டாவது சாப்டர்ல ஒரு பத்தி சேக்கச் சொன்னா அதுக்கப்புறம் வர்ற அத்தனை பக்கமும் நகரும். நீங்க செஞ்ச வேலை அந்த நகர்வத் தாங்குமா?

ரெண்டாவது, ஃபைல் வேற கம்ப்யூட்டர்ல திறக்கப்படுமா? தமிழ்ல எழுதறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், இங்கிலீஷ்ல எழுதறவங்களவிட. லதா ஃபான்ட்ல நீங்க டைப் பண்ணியிருப்பீங்க, விண்டோஸ் 10ல லதா தானா வர்றதில்ல, தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்னு தனியா ஏத்தணும், ஏத்தாத மெஷின்ல அது நிர்மலாங்கற வேற ஃபான்ட்டுக்குப் போயிடும். ரெண்டும் ஒரே 12 பாயிண்ட்னாலும் எழுத்தோட அகலமும் வரியோட உயரமும் வேற வேற. ஜெராக்ஸ் கடையில திறந்த உடனே பக்கமெல்லாம் கலைஞ்சு போறதுக்கு பாதி காரணம் இதுதான்.

மூணாவது, பக்கத்தோட அடியில எவ்வளவு காலி இடத்த நீங்க பொறுத்துக்குவீங்க? தீசிஸ்ல யாரும் பெருசா கண்டுக்க மாட்டாங்க. கதைப் புத்தகத்துல இடது பக்கம் 30 வரி, வலது பக்கம் 27 வரின்னு இருந்தா புத்தகத்த விரிச்ச உடனே தெரியும்.

நாலாவது, கிண்டில்லயும் போடப் போறீங்களா? அங்க படிக்கிறவர் எழுத்து சைஸ மாத்தினா பக்கமே மாறிடும், அதனால பக்கத்த நம்பி செஞ்ச எந்த வேலையும் அங்க குப்பை.

அவசரமா இருக்கறவங்களுக்கு டேபிள் முதல்ல:

| வழி | எடிட் பண்ணா தாங்குமா | ஃபான்ட் மாறினா தாங்குமா | அடியில காலி இடம் | எதுக்கு சரி |
|---|---|---|---|---|
| என்டர் தட்டி தள்றது | தாங்காது | தாங்காது | இஷ்டத்துக்கு | எதுக்குமே இல்ல |
| கன்ட்ரோல் + என்டர் | பாதி தாங்கும் | பாதி தாங்கும் | நீங்க வெக்கிற இடத்தப் பொறுத்து | முகப்புப் பக்கம், சமர்ப்பணம், ஒரு பக்க லெட்டர் |
| விடோ/ஆர்ஃபன் கன்ட்ரோல் | தாங்கும் | தாங்கும் | அதிகபட்சம் ஒண்ணு ரெண்டு வரி | எல்லா உரைநடைக்கும் |
| கீப் லைன்ஸ் டுகெதர் | தாங்கும் | தாங்கும் | நிறைய ஆகலாம் | கவிதை, மேற்கோள், முகவரி |
| கீப் வித் நெக்ஸ்ட் | தாங்கும் | தாங்கும் | சங்கிலி நீளத்தப் பொறுத்து | தலைப்பு, டேபிள், படம் |
| பேஜ் பிரேக் பிஃபோர் | தாங்கும் | தாங்கும் | முந்தின அத்தியாயம் முடியற இடம் | அத்தியாயத் தலைப்பு |
| வார்த்தைய மாத்தி சரிபண்றது | தாங்காது | தாங்காது | கிட்டத்தட்ட இல்ல | அச்சுக்குப் போற கடைசி பிரதி |

## என்டர் தட்டி தள்றது

ரெண்டு செகண்ட்ல முடியும், சொல்லித் தர வேண்டாம். அவ்வளவுதான் இதோட நல்லது. மேல ஒரு வரி கூடினா நீங்க தட்டின காலி வரியெல்லாம் அடுத்த பக்கத்து நடுவுல வந்து நிக்கும், தலைப்பு மறுபடி எங்கயோ போகும். கிண்டில்லயும் அந்தக் காலி வரிகள் திடீர் ஓட்டையா தெரியும். உயில், வாடகை ஒப்பந்தம் மாதிரி ஒரே தடவ பிரின்ட் எடுத்துட்டு தூக்கிப் போடற ஃபைல்னா கூட கன்ட்ரோல் என்டர் இதவிட சுலபம், அதனால இதுக்கு எந்த இடமும் இல்லன்னே சொல்வேன்.

## கன்ட்ரோல் + என்டர்

இது கர்சர் இருக்கற இடத்துல ஒரு பேஜ் பிரேக் போடும். நல்ல வழிதான், ஆனா ஒரு பக்கம் கண்டிப்பா இங்க முடியணும்னு அர்த்தம் இருக்கற இடத்துல மட்டும். முகப்புப் பக்கம் முடிஞ்சு உறுதிமொழிப் பக்கம், அதுக்கப்புறம் நன்றியுரை, இதெல்லாம் எவ்வளவு எடிட் பண்ணாலும் தனித்தனிப் பக்கம்தான். அங்க போடுங்க.

பாரா உடையுதுன்னு நடுவுல போட்டீங்கன்னா அது ஒரு ஆணி. சாமான் நகர்ந்தாலும் ஆணி அடிச்ச இடத்துலயே நிக்கும். மேல எட்டு வரி குறைஞ்சா முக்கால் பக்கத்துலயே நின்னுடும், ரெண்டு வரி கூடினா ஒரு பக்கத்துல ரெண்டே வரி இருக்கும், மீதி காலி.

மறைஞ்சிருக்கற செலவு ரெண்டு உண்டு. வேர்ட்ல பேஜ் பிரேக்ங்கறது ஒரு எழுத்து மாதிரி உள்ள உக்காந்திருக்கற சமாச்சாரம், முந்தின பக்கம் சரியா கடைசி வரியில முடிஞ்சா அந்தப் பிரேக்கே அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு நடுவுல ஒரு வெள்ளைப் பக்கம் வந்துடும், ஏன் வந்துச்சுன்னு தேடித் தேடி ஓய்ஞ்சுடுவீங்க. இன்னொண்ணு, தலைப்பு ஸ்டைல்ல இருக்கற வரியிலயே கர்சர வெச்சு தட்டினா பிரேக்குக்கும் தலைப்பு ஸ்டைல் ஒட்டிக்கும், அப்புறம் பொருளடக்கத்துல பேரே இல்லாம ஒரு பக்க எண் மட்டும் நிக்கலாம்.

ஏற்கனவே நூறு இடத்துல போட்டு வெச்சிருக்கீங்கன்னா ஒண்ணொண்ணா தேட வேண்டாம், ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்ல மோர் அமுக்கினா கீழ ஸ்பெஷல்னு ஒரு பட்டன் வரும், அதுல மேனுவல் பேஜ் பிரேக்க தேர்ந்தெடுத்து ஒவ்வொண்ணா பார்த்து எடுத்துடலாம். ரீப்ளேஸ் ஆல் மட்டும் அமுக்காதீங்க, முகப்புப் பக்கமும் சேர்ந்து போயிடும்.

## விடோ/ஆர்ஃபன் கன்ட்ரோல்

பாராகிராஃப் டயலாக்ல ரெண்டாவது டேப், லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்னு இருக்கும், அங்க முதல் டிக் இதுதான். வேர்ட்ல சாதாரணமா ஆன்லயே இருக்கும். பாராவோட முதல் வரி தனியா அடியில நிக்க விடாது (அந்த வரிதான் ஆர்ஃபன்), கடைசி வரி தனியா மேல போக விடாது (அது விடோ). எந்தப் பக்கமும் குறைஞ்சது ரெண்டு வரி.

உரைநடை எழுதற 90 சதவீதம் பேருக்கு இதுவே போதும்ங்கறது என் கட்சி (சதவீதம் சும்மா ஒரு பேச்சுக்கு). காலி இடமும் ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு வரிதான். ரெண்டு எப்ப வரும்னா, மூணு வரி பாரா வந்து பக்கத்துல ரெண்டு வரி இடம்தான் இருக்குன்னா, 2 பிளஸ் 1னு பிரிக்க முடியாது 1 பிளஸ் 2னும் பிரிக்க முடியாது, அதனால மொத்த பாராவும் கிளம்பிடும். "மூணு வரி பாரா மட்டும் ஏன் உடையவே மாட்டேங்குது, நான் ஒண்ணும் செய்யலையே"ன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுதான்.

இது வேலை செய்யலன்னு சொல்றவங்க நிறைய பேர் ஒவ்வொரு வரியும் முடிஞ்சதும் என்டர் தட்டியிருப்பாங்க. திருக்குறள எடுத்துக்கோங்க. ஒண்ணே முக்கால் அடி, முதல் அடிக்கப்புறம் என்டர், ரெண்டாவது அடிக்கப்புறம் என்டர்னு டைப் பண்ணா வேர்டுக்கு அது ரெண்டு பாரா, ஒவ்வொண்ணும் ஒரு வரி. ஒரு வரி பாராவுல எத காப்பாத்தறது? குறள் ரெண்டு பக்கத்துக்குப் பிரியும். முதல் அடிக்கப்புறம் ஷிஃப்ட் என்டர் தட்டியிருந்தா அது ஒரே பாரா, ரெண்டு வரி, அதுக்கு மேல யாராலயும் பிரிக்க முடியாது. ஒரு சங்கதி மட்டும் கவனம், ஜஸ்டிஃபை போட்டிருந்தா ஷிஃப்ட் என்டர்ல முடியற வரிய மார்ஜின் வரைக்கும் இழுத்து வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டுடலாம், பாட்டுக்கெல்லாம் லெஃப்ட் அலைன்மென்ட் வெச்சிடுங்க.

அச்சுத்தொழில் பக்கம் இன்னொரு பார்வை உண்டு. அமெரிக்கப் பதிப்பகங்கள் கைல வெச்சிருக்கற சிகாகோ மேனுவல்ங்கற விதிப் புத்தகம் பாராவோட கடைசி அரைகுறை வரி பக்கத்தோட தலையில வரக்கூடாதுன்னு சொல்லும், ஆனா முதல் வரி அடியில நிக்கறத அனுமதிக்கும். அதாவது ரெண்டும் ஒரே அளவு குத்தம் இல்ல. எனக்கும் அது சரின்னுதான் படுது, அடியில ஒத்த வரி இருந்தா கண்ணு அத தாண்டிப் போயிடும், மேல "எனலாம்."னு ஒத்த வார்த்தை இருந்தா அதுதான் முதல்ல கண்ணுல குத்தும். வேர்ட்ல ரெண்டையும் தனித்தனியா ஆன் பண்ண முடியாது. லிப்ரே ஆபீஸ்ல முடியும், அத கீழ சொல்றேன்.

## கீப் லைன்ஸ் டுகெதர்

பாராவ உடைக்கவே கூடாதுன்னு கட்டளை. கேக்க நல்லா இருக்கு, அதனாலதான் எல்லாரும் கன்ட்ரோல் ஏ போட்டு மொத்த ஃபைலுக்கும் டிக் அடிக்கறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஏ4 பேப்பர், மேல கீழ ஒரு இன்ச் மார்ஜின், டைம்ஸ் நியூ ரோமன் 12, ஸ்பேஸிங் 1.5, இதுல சுமார் 33 வரி வரும். எட்டு வரி பாரா ஒண்ணு வருது, பக்கத்துல ஏழு வரிக்கு இடம் இருக்கு. ஒரே ஒரு வரி பத்தலங்கறதுக்காக மொத்த எட்டும் அடுத்த பக்கம் போகும், ஏழு வரி காலி, அதாவது பக்கத்துல அஞ்சுல ஒரு பங்கு. அதுக்கு மேல ஒரு தலைப்பும் இருந்தா அதுவும் கூடவே போகும். தமிழ் ஃபான்ட்ல வரி உயரம் கூடுதலா இருந்தா பக்கத்துக்கு வரி இன்னும் குறையும், அப்ப ஓட்டை இன்னும் பெருசு. பாரா பெருசு பெருசா எழுதறவங்க ஃபைல்ல இத ஆன் பண்ணா பக்க எண்ணிக்கையே கூடிடும், அச்சுச் செலவும் அதோட ஏறும்.

இது எங்க அருமை? நாலடி வெண்பாவுல. விடோ கன்ட்ரோல் மட்டும் இருந்தா 2 பிளஸ் 2னு அது தாராளமா பிரியும், சட்டப்படி தப்பில்ல, ஆனா படிக்கிறவனுக்கு எதுகை அறுந்து போச்சு. விருத்தம், ஹைக்கூ, புதுக்கவிதையோட ஒரு பத்தி, சட்டப் பிரிவோட மேற்கோள், லெட்டர்ல முகவரி, கடைசியில கையெழுத்து போடற பகுதி, இதுக்கெல்லாம் பாட்டுன்னு ஒரு ஸ்டைல் உண்டாக்கி அதுல இந்த டிக்க போட்டுடுங்க. ஒவ்வொரு பாட்டும் உள்ள ஷிஃப்ட் என்டரோட ஒரே பாராவா இருந்தாதான் பலிக்கும், மேல குறளுக்கு சொன்ன அதே கதை.

ஒரு பக்கத்தவிட பெரிய பாராவா இருந்தா இந்த டிக் இருந்தும் உடையும். வேற வழி?

## கீப் வித் நெக்ஸ்ட்

தலைப்பு அனாதையா அடியில தொங்குற பிரச்சனைக்கு மருந்து இதுதான். வேர்டோட ஹெட்டிங் ஸ்டைல்கள்ல இது தானாவே ஆன்ல இருக்கும். அப்ப ஏன் தொங்குது? ரெண்டே காரணம். ஒண்ணு, நீங்க ஹெட்டிங் ஸ்டைல் போடல, சாதாரண வரிய போல்ட் பண்ணி சைஸ் 16 வெச்சு தலைப்புன்னு சொல்றீங்க, வேர்டுக்கு அது தலைப்புன்னு தெரியாது. ரெண்டு, தலைப்புக்குக் கீழ இடைவெளி வேணும்னு ஒரு வெறும் என்டர் தட்டியிருக்கீங்க. தலைப்பு அந்தக் காலி வரியோட ஒட்டிக்கிட்டு விசுவாசமா அடியில நிக்கும், மேட்டர் அடுத்த பக்கம் போயிடும். காலி வரிய எடுத்துட்டு ஸ்டைல்ல ஸ்பேஸ் ஆஃப்டர் 6 இல்ல 8 பாயிண்ட் குடுங்க, சரியாயிடும்.

டேபிளுக்கும் இதேதான். நாலஞ்சு வரிசை உள்ள சின்ன டேபிள் ரெண்டு பக்கத்துக்குப் பிரியக்கூடாதுன்னா கடைசி வரிசைய விட்டுட்டு மத்த வரிசையெல்லாம் செலக்ட் பண்ணி கீப் வித் நெக்ஸ்ட் போடுங்க. டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்ல ரோ டேப்ல பக்கம் தாண்டி வரிசை உடையலாம்னு இருக்கற டிக்கையும் எடுத்துடுங்க, அப்ப ஒரு கட்டத்துக்குள்ள இருக்கற வாக்கியம் பாதியில அறாது. டேபிள் ஒரு பக்கத்தவிட பெருசுன்னா இதெல்லாம் விட்டுடுங்க, ரிப்பீட் ஹெட்டர் ரோஸ் ஆன் பண்ணி நிம்மதியா உடைய விடுங்க.

இதுல மறைமுகச் செலவு என்னன்னா சங்கிலி. எங்கிருந்தோ காப்பி பேஸ்ட் பண்ணும்போது உடல் பாராவுக்கும் இந்தக் குணம் ஒட்டிக்கிட்டு வந்துடும், பத்து பாரா வரிசையா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா மொத்தமா அடுத்த பக்கத்துக்குக் குதிக்கும், பாதிப் பக்கம் வெறிச்சுன்னு கிடக்கும். பார்மேட்டிங் குறிகள ஆன் பண்ணுங்க, கன்ட்ரோல் ஷிஃப்ட் 8. பாராவுக்கு இடது மார்ஜின்ல சின்னக் கறுப்புச் சதுரம் தெரிஞ்சா அங்க இந்த மாதிரி ஏதோ ஒரு டிக் இருக்குன்னு அர்த்தம், அது பிரின்ட்ல வராது. தேவையில்லாத பாராவுல கர்சர வெச்சு கன்ட்ரோல் க்யூ அடிச்சா நேரடியா போட்ட பாரா செட்டிங்ஸ் போயிடும், ஸ்டைல்ல இருக்கறது மட்டும் மிஞ்சும்.

## பேஜ் பிரேக் பிஃபோர்

ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்துல தொடங்கணுமா, ஹெட்டிங் 1 ஸ்டைல மாடிஃபை பண்ணி இந்த டிக்க ஒரே ஒரு தடவ போடுங்க. நடுவுல ஒரு அத்தியாயத்தத் தூக்கி வேற இடத்துல வெச்சாலும் கூடவே வரும். ஆணியடிச்ச பேஜ் பிரேக் இப்படி வராது. வலது கைப் பக்கத்துலதான் அத்தியாயம் தொடங்கணும்னா இது பத்தாது, ஆட் பேஜ் (Odd Page, ஒற்றைப்படைப் பக்கம்) செக்‌ஷன் பிரேக் போடணும், புத்தகம் போடறவங்களுக்கு மட்டும்தான் அந்தத் தலைவலி.

## வார்த்தைய மாத்தி சரிபண்றது

எல்லா செட்டிங்கும் போட்டப்புறமும் விரிச்ச பக்கங்கள் அடியில சமமா முடியலன்னு உறுத்துதா? இனி கையாலதான். புத்தகம் வடிவமைக்கறவங்க ரொம்ப காலமா செய்யறது, பாராவுல ஒரு வரிய கூட்டறது இல்ல குறைக்கறது.

தமிழ்ல இதுக்கு ஒரு வசதி இருக்கு. நம்ம வார்த்தை நீளம், நடுவுல உடைய ஹைபன் போட்டு யாரும் அடிக்கறதில்ல. "பேசிக்கொண்டிருந்தார்கள்"னு சேர்த்து எழுதினா முழுசா அடுத்த வரிக்குத் தாவும், முந்தின வரியில ஓட்டை. "பேசிக் கொண்டிருந்தார்கள்"னு பிரிச்சா "பேசிக்" மேலயே தங்கிடும், சில சமயம் அதுலயே பாராவுக்கு ஒரு வரி மிச்சம். ஆனா புத்தகம் முழுக்க எப்படி சேர்க்கறோம் பிரிக்கறோம்னு ஒரு முறை வெச்சிருந்தா மெய்ப்பு பார்க்கறவர் திட்டுவார், நியாயமாவும் இருக்கும். அதுக்கு பதிலா தேவையில்லாத ஒரு "மிகவும்"ஐ வெட்டுங்க, வாக்கியமும் நல்லாகும். எழுத்து இடைவெளிய இறுக்கறதுக்கு நான் ஓட்டு போட மாட்டேன், கொம்பும் காலும் நெருங்கி அந்த ஒரு பாரா மட்டும் கருப்பா தெரியும்.

அடுத்தவங்க எழுத்துல கை வெக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கணும், எடிட்டிங் முழுசா முடிஞ்சப்புறம் மட்டும்தான் தொடணும். முதல் பக்கத்துலருந்து வரிசையா வாங்க, மூணாவது பக்கத்துல ஒரு வரி குறைஞ்சா அதுக்குப் பின்னாடி செஞ்சதெல்லாம் மறுபடி பார்க்கணும்.

## எந்த சாஃப்ட்வேர்

வேர்ட்ல மேல சொன்ன எல்லாம் இருக்கு, ஆனா விடோ கன்ட்ரோல்னா ரெண்டு வரி, அத மாத்த முடியாது.

கூகுள் டாக்ஸ்ல ஃபார்மேட் மெனுவுல லைன் அண்ட் பாராகிராஃப் ஸ்பேஸிங்குக்குள்ள கீப் வித் நெக்ஸ்ட், கீப் லைன்ஸ் டுகெதர், பிரிவென்ட் சிங்கிள் லைன்ஸ், ஆட் பேஜ் பிரேக் பிஃபோர்னு நாலும் கிடைக்கும். ஃபைல் பேஜ்லெஸ்ல இருந்தா பக்கமே கிடையாது, முதல்ல அத பேஜஸுக்கு மாத்துங்க. டீமா சேர்ந்து எழுதற ரிப்போர்ட்டுக்கு போதும், புத்தகத்துக்கு நான் போக மாட்டேன்.

லேடெக்ஸ்ல தீசிஸ் பண்றவங்களுக்கு ஒரு வரி: விடோ பெனால்ட்டியும் க்ளப் பெனால்ட்டியும் சாதாரணமா 150 இருக்கும், ரெண்டையும் 10000 ஆக்கினா ஒத்த வரி அனுமதியே கிடையாது, ஆனா ரெண்டு பக்கமும் அச்சடிக்கற வடிவத்துல பக்க அடிய சமமாக்கறதுக்காக பாராக்களுக்கு நடுவுல இடைவெளிய இழுத்துடும்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டர்தான் இந்த ஒரு விஷயத்துல எனக்குப் பிடிச்சது. பாராகிராஃப்ல டெக்ஸ்ட் ஃப்ளோ டேப்ல ஆர்ஃபன் தனி, விடோ தனி, ஒவ்வொண்ணுக்கும் எத்தனை வரின்னு நம்பரும் நாமளே குடுக்கலாம். சிகாகோ பாணி வேணும்னா விடோவ மட்டும் ஆன்ல வெச்சுட்டு மத்தத விட்டுடலாம், அடியில ஒரு வரி காலியாகறது கொஞ்சம் குறையும். கன்ட்ரோல் என்டர் தட்டினா கூட அங்க அது தனி எழுத்தா உக்காராது, அடுத்த பாராவோட குணமா சேர்ந்துடும். அத எடுக்கணும்னா அந்த பாராவோட தொடக்கத்துல போய் பேக்ஸ்பேஸ்.

ஆனா ரைட்டர்ல மூணு வரின்னு செட் பண்ணிட்டு டாக்எக்ஸ்ல (வேர்டோட .docx) சேவ் பண்ணி கடைக்குக் குடுத்தீங்கன்னா அந்த மூணு போயிடும், அந்த ஃபார்மேட்ல இதுக்கு ஆன், ஆஃப் மட்டும்தான் உண்டு, நம்பருக்கு இடமே இல்ல. அதனால வேலை பார்க்கற ஃபைல ஓடிடில (ரைட்டரோட சொந்த ஃபார்மேட், .odt) வெச்சுக்கிட்டு கடைக்கு பிடிஎஃப் மட்டும் குடுங்க. எடிட் பண்ற ஃபைலே வேணும்னு கேட்டா, ஃபைல் ப்ராப்பர்ட்டீஸ்ல ஃபான்ட் டேப்ல எம்பெட் ஃபான்ட்ஸ் டிக் அடிச்சு அனுப்புங்க, வேர்ட்ல இதே டிக் ஆப்ஷன்ஸுக்குள்ள சேவ்ல இருக்கும், ஃபான்ட்டோட லைசென்ஸ் அனுமதிச்சா ஃபான்ட்டும் கூடவே போகும்.